பெரிய சொற்கள் பொய்த்த பிறகு: போரும் பசியும் அமெரிக்க நாவலும்

பென்சில்வேனியாவில் ஒரு வீட்டின் சமையலறை. வெள்ளைப் பீங்கான் பதித்த மேசை, அதன் மேல் 200 வாட் பல்பின் கண்கூசும் வெளிச்சம். இரண்டாம் உலகப் போரில் ஒன்றாகச் சிறைப்பட்ட இரண்டு நண்பர்கள், ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து அங்கே உட்கார்ந்து பழைய நினைவுகளைக் கிளறிப் பார்க்கிறார்கள். ஒன்றும் வருவதாக இல்லை. வீட்டுக்காரரின் மனைவி மேரி ஓ'ஹேர் நர்ஸாக இருந்தவர். விருந்தாளியிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐஸ் தட்டை எடுத்து சிங்க்கில் ஓங்கித் தட்டுகிறார். வீட்டுக்குள் அங்குமிங்கும் நடக்கிறார், கதவுகளை அறைந்து சாத்துகிறார். கடைசியில் அடக்கி வைத்தது வெடிக்கிறது. அப்போது நீங்கள் வெறும் பிள்ளைகள், மாடியில் விளையாடுகிற இந்தப் பிள்ளைகளைப் போல. ஆனால் புத்தகத்தில் அப்படியா எழுதப்போகிறீர்கள்? பெரிய வீரர்கள் மாதிரி எழுதுவீர்கள். சினிமாவில் ஃப்ராங்க் சினாட்ராவும் ஜான் வெய்னும் உங்கள் வேடத்தில் வருவார்கள். போர் அழகாகத் தெரியும். அதனால் இன்னும் நிறையப் போர்கள் வரும், மாடியில் இருக்கிற இதுகள்தான் அதில் போய்ச் சாகும்.

விருந்தாளியின் பெயர் கர்ட் வானகட். அவர் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறார்: நான் இதை எழுதி முடித்தால் அதில் சினாட்ராவுக்கும் ஜான் வெய்னுக்கும் வேடம் இருக்காது, 'குழந்தைகளின் சிலுவைப் போர்' என்று பெயர் வைக்கிறேன். 1969இல் 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' வெளிவந்தபோது அதன் துணைத்தலைப்புகளில் ஒன்றாக அந்தப் பெயர் இருந்தது. சமர்ப்பணத்தில் மேரியின் பெயர் இருந்தது. இந்தச் சமையலறைக் காட்சியே நாவலின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது.

துன்பம் எழுத்தாளனை ஆழமாக்கும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துன்பம் பெரும்பாலும் ஆளை ஊமையாக்குகிறது. போரும் பசியும் 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நாவலாசிரியர்களிடமிருந்து முதலில் பறித்துக்கொண்டது அவர்கள் கையில் இருந்த சொற்களைத்தான். தியாகம், பெருமை, விதி, முன்னேற்றம் என்று பள்ளியிலும் தேவாலயத்திலும் கற்றுத்தந்த சொற்கள் எல்லாம் பொய்த்துப் போயின. வாழ்க்கைக்கு என்ன பொருள் என்ற கேள்வியை அதன் பிறகு அவர்கள் அந்த அளவில் கேட்கவே இல்லை. கைக்கு அடங்குகிற அளவுக்குச் சின்னதாக்கிக் கேட்டார்கள். அவர்கள் எங்கே தேடினார்கள் என்று பார்த்தால்தான் அந்த நாவல்கள் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பது புரிகிறது.

அந்தப் பெரிய சொற்கள் எப்படிக் கெட்டுப்போயின என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், ஜார்ஜ் கிரீல் தலைமையில் அரசு ஒரு பிரச்சாரக் குழுவை அமைத்தது. ஏறக்குறைய 75,000 தொண்டர்கள் ஊர் ஊராகப் போனார்கள். சினிமாக் கொட்டகையில் ரீல் மாற்றுகிற இடைவெளியில் எழுந்து நான்கு நிமிடம் பேசுவார்கள். கேட்டுப் புல்லரித்துப் போன இளைஞர்களில் நிறையப் பேர் படையில் சேர்ந்தார்கள். அந்தப் போரில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். குண்டுக்குப் பலியானவர்களைவிட நோயில் போனவர்கள் அதிகம்.

எர்னெஸ்ட் ஹெமிங்வே செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் ஓட்டுநராக இத்தாலி போனார். 1918 ஜூலை 8ஆம் தேதி இரவு, பியாவே ஆற்றங்கரையில் ஃபொசால்டா என்ற ஊரருகே, பதுங்குகுழியில் இருந்த இத்தாலிய வீரர்களுக்குச் சாக்லேட்டும் சிகரெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. இரண்டு கால்களிலும் 200க்கு மேற்பட்ட உலோகச் சில்லுகள். 19 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மிலான் நகர மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார்.

11 ஆண்டுகள் கழித்து வந்த 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் 27ஆம் அத்தியாயத்தில் ஓர் இத்தாலிய வீரன் தாய்நாடு, வீண்போகாத தியாகம் என்று பேசுகிறான். கதைசொல்லி ஃபிரடெரிக் ஹென்றி பதில் சொல்லவில்லை, மனசுக்குள் நினைத்துக்கொள்கிறான். புனிதம், மகிமை, தியாகம் என்ற சொற்களைக் கேட்டாலே அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. மழையில் நின்றும் கேட்டாயிற்று, சுவரொட்டிகளிலும் படித்தாயிற்று, புனிதமான எதையும் கண்ணால் பார்த்ததில்லை. அந்தத் தியாகங்கள் சிகாகோ கசாப்புக்கூடம் மாதிரி இருந்தன, அங்கே வெட்டிய இறைச்சியை விற்பார்கள், இங்கே புதைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சொன்னால் இன்னும் மரியாதையோடு ஒலிப்பவை ஊர்களின் பெயர்கள், சாலைகளின் எண்கள், ஆறுகளின் பெயர்கள், படைப்பிரிவுகளின் எண்கள், தேதிகள் மட்டும்தான்.

ஹெமிங்வேயின் சுருக்கமான நடையைப் பற்றிப் பேசும்போது கன்சாஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகையில் கிடைத்த பயிற்சியைச் சொல்வார்கள். அது உண்மைதான், அங்கே சின்ன வாக்கியமாக எழுது என்று விதியே இருந்தது. ஆனால் பத்திரிகையில் பயின்ற எத்தனையோ பேர் அப்படி எழுதவில்லை. ஏமாற்றிய சொற்களை இனித் தொடமாட்டேன் என்ற பிடிவாதம் அந்த நடையில் இருக்கிறது. பெயரடை இல்லாத ஒரு வாக்கியத்தில் யாராலும் யாரையும் சாவுக்கு அனுப்ப முடியாது.

இந்தப் பிடிவாதம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்க, நாவலை விட 1925இல் வந்த 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' என்ற கதையையே நான் திரும்பத் திரும்ப எடுப்பேன். போரிலிருந்து திரும்பியவனைப் பற்றிய கதை, ஆனால் அதில் போர் என்ற பேச்சே இல்லை என்று ஹெமிங்வே பின்னாளில் எழுதினார். நிக் ஆடம்ஸ் மிச்சிகனில் சீனி என்ற ஊரில் ரயிலை விட்டு இறங்குகிறான். ஊர் இல்லை, எரிந்து போயிருக்கிறது. ஒற்றைத் தெருவில் வரிசையாக இருந்த 13 மதுக்கடைகளின் சுவடுகூட இல்லை. சுமையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். வழியில் ஓய்வெடுக்கும்போது காலுறையில் ஒரு வெட்டுக்கிளி ஏறுகிறது, கரிக்கறுப்பு. கருகிய மண்ணில் வாழ்ந்து வாழ்ந்து எல்லா வெட்டுக்கிளிகளும் அப்படிக் கறுத்துவிட்டன. இன்னும் எத்தனை காலம் இப்படியே இருக்குமோ என்று யோசிக்கிறான். அதை எங்காவது பறந்து போ என்று காற்றில் விட்டுவிடுகிறான். போரைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவுதான் இருக்கிறது, இதுவே போதும்.

பிறகு அவன் கூடாரம் அடிக்கிறான். தரையில் வேர்களைப் பிடுங்கிச் சமன்செய்கிறான். டின்னில் அடைத்த பீன்ஸையும் ஸ்பகெட்டியையும் ஒன்றாகச் சூடாக்கித் தட்டில் கொட்டுகிறான், உடனே வாயில் வைக்காமல் ஆறட்டும் என்று காத்திருக்கிறான். அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொள்வது அவனுக்குப் பழைய வழக்கம். மறுநாள் தூண்டிலில் சிக்கிய சின்ன மீனைத் தண்ணீரில் விடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்கிறான். உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் உள்ள வழுவழுப்பு போய்விடும், அந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்து மீன் செத்துவிடும். முன்பு கூட்டமாக ஆட்கள் மீன்பிடித்த ஓடைகளில் அப்படி மிதந்த மீன்களை அவன் பார்த்திருக்கிறான்.

முதன்முறை வாசித்தபோது இந்தக் கதையில் ஒன்றும் நடக்கவில்லையே என்று புத்தகத்தை மூடி வைத்தேன். பல ஆண்டுகள் கழித்து அந்த நனைந்த கை திடீரென்று பிடிபட்டது. உலோகச் சில்லுகள் உடம்பில் இறங்கிய ஒருவன், இன்னொரு உயிரின் தோல் கெடக்கூடாது என்று கையை நனைக்கிறான். அன்பு, கருணை என்று எந்தச் சொல்லையும் ஹெமிங்வே பயன்படுத்தவில்லை. அந்தச் சொற்களும் சுவரொட்டியில் இருந்தவைதானே. கதையின் கடைசியில் ஆறு ஒரு சதுப்புக்குள் நுழைகிறது, இருட்டு, ஆழம். நிக் அதற்குள் போகவில்லை. சதுப்பில் மீன்பிடிக்க வரும் நாட்கள் எத்தனையோ இருக்கின்றன என்று திரும்பி நடக்கிறான். பின்னாளில் ஹெமிங்வே இந்த அடக்கத்தை எப்போதும் காப்பாற்றவில்லை. வேட்டையும் வீரமும் அவருடைய பிற்கால எழுத்தில் சத்தமாகவே ஒலித்தன. எனக்கு அந்த 25 வயது ஹெமிங்வே போதும்.

வானகட்டிடம் திரும்புவோம். அவருடைய தந்தை இண்டியானாபொலிஸ் நகரில் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் யாரும் வீடு கட்டவில்லை, அவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வசதியாக வளர்ந்த தாய் அந்தச் சரிவிலிருந்து மீளவே இல்லை. 1944 மே மாதம், படையிலிருந்து விடுப்பில் மகன் வீட்டுக்கு வந்திருந்த அன்னையர் தின வாரயிறுதியில், அவர் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் வானகட் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். டிரெஸ்டன் நகரில் கைதிகளை அடைத்து வைத்த இடம் ஒரு கசாப்புக்கூடம், அதன் எண் 5. 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கி பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் நகரத்தை எரித்தபோது, தரைக்கு அடியில் இறைச்சி தொங்கவிடும் குளிர்ந்த அறையில் இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள். மேலே வந்து பார்த்தபோது நகரம் இல்லை. நிலவறைகளில் மூச்சடைத்துச் செத்துக் கிடந்தவர்களைத் தோண்டியெடுக்கும் வேலை கைதிகளுக்குத் தரப்பட்டது. அப்போது அவருக்கு வயது 22. இறந்தவர்கள் 25,000 வரை இருக்கலாம் என்பது பின்னாளைய ஆய்வாளர்களின் கணக்கு. அக்காலத்தில் உலவிய கணக்கை நம்பி நாவலில் அவர் எழுதியது 1,35,000.

இதைப் பற்றி எழுதுவது சுலபம், பார்த்ததை அப்படியே சொன்னால் போதும் என்று அவர் நினைத்தார். 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தொடங்கி, கிழித்து, மறுபடி தொடங்கினார். படுகொலையைப் பற்றி அறிவார்ந்த எதையும் சொல்ல முடியாது, எல்லோரும் செத்த பிறகு எல்லாம் அமைதியாகத்தான் இருக்கும், பறவைகளைத் தவிர என்று முதல் அத்தியாயத்தில் ஒப்புக்கொள்கிறார். தொடக்கம், உச்சம், முடிவு என்று போகும் கதைவடிவம் சாவுக்கு ஒரு காரணம் கற்பித்துவிடும். அதனால் அவருடைய நாயகன் பில்லி பில்கிரிம் காலத்தில் ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கிறான், கல்யாண நாள், சிறைமுகாம், முதுமை, வேற்றுக்கிரகம் என்று. போரிலிருந்து வந்தவர்களின் தூக்கத்தை அறிந்தவர்களுக்கு இதில் விநோதம் ஒன்றும் இல்லை.

'அப்படித்தான் போகிறது' என்ற ஒரு தொடர் அந்த நாவலில் 106 முறை வருகிறது. யார் செத்தாலும், எது செத்தாலும். மனிதன், பேன், சாம்பெயினில் அடங்கிப்போன குமிழி, குவளையில் கிடந்து செத்த தண்ணீர். இதை விதியை ஏற்றுக்கொள்ளும் பேச்சு என்று வாசிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பாரியின் பல்லவி போல ஒலிக்கிறது. ஒரு சாவைக்கூட எண்ணாமல் விடமாட்டேன் என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணுகிறார். அர்த்தம் சொல்ல முடியாதபோது எண்ணுவதாவது முடியும்.

அதற்கு நடுவே ஒரு சின்னக் காட்சி. கைதிகள் ஒரு தொழிற்சாலையில் மால்ட் பாகு காய்ச்சும் வேலை செய்கிறார்கள். அது கர்ப்பிணிகளுக்கானது, திருட்டுத்தனமாக நக்கினால் தண்டனை. பில்லி ஒளித்து வைத்த கரண்டியில் பாகைத் தோய்த்து வாயில் வைக்கிறான், உடம்பின் ஒவ்வொரு அணுவும் நன்றியில் அதிர்கிறது. ஜன்னலுக்கு வெளியே வயதான கைதி எட்கர் டெர்பி பார்த்துக்கொண்டு நிற்கிறார். பில்லி இன்னொரு கரண்டி பாகைத் திரட்டி ஜன்னல் வழியாக அவர் வாயில் வைக்கிறான். ஒரு கணம் கழித்து டெர்பி அழத் தொடங்குகிறார். மேரிக்குக் கொடுத்த வாக்கு இங்கேதான் நிறைவேறுகிறது என்று நினைக்கிறேன். இந்தக் காட்சியில் ஜான் வெய்ன் நடிக்க முடியாது.

வேறு திசையில் போனவர்களும் உண்டு. ஜே.டி. சாலிஞ்சர் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கினார், ஹூர்ட்கன் காட்டின் குளிரில் சண்டையிட்டார், நாஜிகளின் டாக்கவ் வதைமுகாமின் கிளை ஒன்றையும் பார்த்தார். எரிந்த மனிதச் சதையின் நாற்றம் எத்தனை காலம் ஆனாலும் மூக்கை விட்டுப் போகாது என்று மகளிடம் சொன்னார். போர் முடிந்ததும் மனம் நொறுங்கி நியூரம்பர்க் மருத்துவமனையில் சேர்ந்தார். 1951இல் வந்த 'தி கேட்சர் இன் தி ரை' நாவலில் போர்க்களமே கிடையாது. செங்குத்துப் பாறை விளிம்பை ஒட்டிய வயலில் விளையாடும் குழந்தைகள் தடுக்கி விழாமல் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு பையன்தான் இருக்கிறான். எதைப் பார்த்தவர் அதை எழுதினார் என்று தெரிந்தால் அந்த ஆசை வேறு மாதிரி கேட்கும். பிறகு அவர் நியூயார்க்கில் சுவாமி நிகிலானந்தரின் ராமகிருஷ்ண-விவேகானந்த மையத்துக்குப் போய்வந்தார், அத்வைதத்தில் ஆழ்ந்தார், 1965க்குப் பிறகு எதையும் வெளியிடவில்லை.

போரிலிருந்து திரும்பி வர ஒரு வீடு எல்லோருக்கும் இருந்ததா என்ன? கறுப்பின வீரர்கள் தனிப் பிரிவுகளில்தான் சண்டையிட்டார்கள். படையில் இந்தப் பாகுபாட்டை ஒழிக்க ஆணை வந்தது 1948இல், போர் முடிந்து 3 ஆண்டுகள் கழித்து. வணிகக் கப்பலில் பணியாற்றிய ரால்ஃப் எல்லிசன், நாஜிச் சிறைமுகாமில் மாட்டிய ஒரு கறுப்பின விமானியைப் பற்றி நாவல் எழுதத் திட்டமிட்டிருந்தார். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம், ஊரில் மனிதனாக நடக்க முடியாது என்ற முடிச்சு அது. 1945 கோடையில் வெர்மான்ட்டில் ஒரு களஞ்சியக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது வேறொரு குரல் குறுக்கே வந்தது: நான் கண்ணுக்குத் தெரியாத மனிதன். விமானி நாவல் அப்படியே நின்றுபோயிற்று. 1952இல் 'இன்விசிபிள் மேன்' வந்தது. அதன் நாயகன் நிலவறையில் திருட்டு மின்சாரத்தில் 1,369 பல்புகளை எரியவிட்டு, தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறான்.

லகூனா புவெப்லோ இனத்தைச் சேர்ந்த லெஸ்லி மார்மன் சில்கோவின் 'செரிமனி' 1977இல் வந்தது. அதில் தாயோ என்ற இளைஞன் பிலிப்பைன்ஸ் காட்டில் ஓயாத மழையைச் சபிக்கிறான். ஊர் திரும்பினால் வறட்சி, தன் சாபம்தான் காரணம் என்று உடைந்துபோகிறான். ராணுவ மருத்துவம் அவனைத் தேற்றவில்லை. பழைய சடங்கை இந்தக் காலத்துக்கு மாற்றத் தெரிந்த ஒரு கிழவர் கொஞ்சம் வழி காட்டுகிறார். முதல் அணுகுண்டு வெடித்த அதே நியூ மெக்சிகோவில், கைவிடப்பட்ட ஒரு யுரேனியச் சுரங்கத்தின் பக்கத்தில் நிற்கும்போது, ஜப்பானில் செத்தவர்களும் தன் மக்களும் ஒரே வளையத்துக்குள் மாட்டியிருப்பது அவனுக்குத் தெரிகிறது.

பசியின் கதை போரின் கதையைப் போன்றதல்ல. போரில் எதிரிக்குச் சீருடை உண்டு. ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் குத்தகை விவசாயி துப்பாக்கியோடு வாசலில் நிற்கிறான், டிராக்டர் அவன் வீட்டை இடிக்க வருகிறது. ஓட்டுபவன் தெரிந்தவர் வீட்டுப் பையன், தினம் 3 டாலர் கூலிக்கு வந்தவன். என்னைச் சுட்டால் இன்னொருத்தன் வருவான் என்கிறான். அவனுக்கு உத்தரவிட்டவரைச் சுடலாமா? அவருக்கு வங்கி உத்தரவிட்டது. வங்கியின் தலைவரை? அவருக்குக் கிழக்கிலிருந்து உத்தரவு வந்தது. அப்படியானால் யாரைத்தான் சுடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவே இல்லை.

வறட்சியும் புழுதிப்புயலும் கடனும் டிராக்டரும் சேர்ந்து ஓக்லஹோமாவையும் பக்கத்து மாநிலங்களையும் காலி செய்தன. 1930களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலிஃபோர்னியாவுக்குப் பெயர்ந்தார்கள். ஸ்டைன்பெக் அந்த மண்ணுக்காரர், சலீனாஸில் பிறந்தவர். 1936இல் ஒரு சான் பிரான்சிஸ்கோ நாளிதழுக்காக, பெயர்ந்து வந்தவர்கள் தங்கியிருந்த முகாம்களைச் சுற்றிவந்து தொடர் எழுதினார். ஆர்வின் முகாமை நடத்திய டாம் காலின்ஸ் அவருக்கு வழிகாட்டி. முகாமில் யார் என்ன சாப்பிட்டார்கள், என்ன பாடினார்கள், எதற்குச் சண்டையிட்டார்கள் என்று காலின்ஸ் எழுதிவைத்த அறிக்கைகள் அவருக்குக் கிடைத்தன. 1938 தொடக்கத்தில் விசேலியா பகுதியில் வெள்ளம். கூடாரங்கள் நீரில் நிற்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினி கிடந்தன. ஸ்டைன்பெக்கும் காலின்ஸும் சேற்றில் இறங்கி ஓடியாடி உதவினார்கள்.

அந்தக் கோபத்தோடு அவர் ஓர் அங்கத நாவலை எழுதி முடித்தார், பண்ணை முதலாளிகளைக் கிழித்துத் தொங்கவிடுவதற்காக. முடித்ததும் அழித்துவிட்டார். அது நேர்மையான புத்தகம் இல்லை என்று பட்டது. எதிராளியைக் கேலிப்பொருளாக்குவது சுலபம், சேற்றில் கிடந்தவர்களுக்கு அதனால் என்ன ஆகும்? 1938 மே கடைசியில் புதிதாகத் தொடங்கி அக்டோபருக்குள், கையெழுத்தில், ஏறக்குறைய 2 லட்சம் சொற்களை எழுதினார். மனைவி கரோல் தட்டச்சு செய்தார். தலைப்பையும் அவர்தான் கண்டுபிடித்தார், உள்நாட்டுப் போர்க் காலத்துப் பாடல் ஒன்றிலிருந்து. நூல் கரோலுக்கும் டாமுக்கும் சமர்ப்பணம். 1939இல் வெளிவந்த சில மாதங்களிலேயே ஆர்வின் முகாம் இருந்த கெர்ன் கவுண்டியின் நூலகங்களில் அதைத் தடை செய்தார்கள்.

இந்த நாவலுக்கு வெளியே நின்றவர்களையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னிய வயல்களில் அதுவரை உழைத்த மெக்சிகர்களும் பிலிப்பினோக்களும் இதில் ஏறக்குறைய இல்லை. அதே முகாம்களில் காலின்ஸோடு வேலை செய்த சனோரா பாப் தானும் ஒரு நாவல் எழுதினார். காலின்ஸ் கேட்டு வாங்கிய அவருடைய குறிப்புகள் ஸ்டைன்பெக்கிடம் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. ஸ்டைன்பெக் நாவல் முந்திக்கொண்டதால் பதிப்பகம் பாப்பின் நாவலைக் கிடப்பில் போட்டது. அது அச்சில் வந்தது 2004இல், அடுத்த ஆண்டு அவர் இறந்தார். தலைப்பின் பொருள், 'பெயர் தெரியாதவர்கள்'.

ஜிம் கேஸி என்ற பாதிரியார் ஸ்டைன்பெக் நாவலில் வருகிறார். நம்பிக்கை போய்விட்டதால் பிரசங்கத்தை விட்டவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆத்மா இல்லையோ, எல்லோருக்குமாக ஒரே பெரிய ஆத்மாதானோ, அதில் ஆளுக்கொரு துண்டோ என்று யோசிக்கிறார். இந்தத் தத்துவம் எனக்குக் கொஞ்சம் சத்தமாகப் படும். நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில் நடக்கும் காட்சி அதைவிட அதிகம் சொல்கிறது. ஒரு தகப்பன் 10 சென்ட்டுக்கு ரொட்டி கேட்கிறார், விலை 15. பரிமாறும் பெண் மே முதலில் மறுக்கிறாள், உள்ளேயிருந்து சமையல்காரர் கொடுத்துத் தொலை என்கிறார். தகப்பனோடு வந்த இரண்டு பையன்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மிட்டாயை மூச்சு விடாமல் பார்க்கிறார்கள். இது ஒரு சென்ட் மிட்டாயா என்று தகப்பன் கேட்கிறார். ஒரு சென்ட்டுக்கு இரண்டு என்கிறாள் மே. அவர்கள் போன பிறகு, ஒன்றின் விலை 5 சென்ட் ஆயிற்றே என்று ஒரு லாரிக்காரர் கேட்கிறார். உனக்கென்ன என்று அவர்மேல் எரிந்து விழுகிறாள்.

நாவலின் கடைசியில் வெள்ளம் வருகிறது. கதையின் மையமான ஜோட் குடும்பத்தின் மகள் ரோஸ் ஆஃப் ஷாரனுக்குக் குழந்தை செத்தே பிறந்திருக்கிறது. ஜோட் குடும்பம் ஒரு கொட்டகையில் ஒதுங்குகிறது. அங்கே ஒரு சிறுவனும், பட்டினியில் சாகக் கிடக்கும் அவன் தகப்பனும். ஆறு நாளாக அவர் சாப்பிடவில்லை, இருந்ததையெல்லாம் மகனுக்கே கொடுத்துவிட்டார். ரோஸ் ஆஃப் ஷாரனும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வெளியே போகிறார்கள். அவள் அந்த மனிதரின் பக்கத்தில் படுத்து, அவர் தலையை இழுத்து அணைத்துப் பால் கொடுக்கிறாள்.

பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிசிக்கு இந்த முடிவு திடுதிப்பென்று பட்டது. அந்த மனிதரைக் கதையில் முன்பே எங்காவது அறிமுகப்படுத்தலாமே, வாசகருக்கு ஒரு பிடிப்பு இருக்குமே என்று கேட்டார். 1939 ஜனவரியில் ஸ்டைன்பெக் பதில் எழுதினார். மாற்ற முடியாது. அவர் அந்நியராகத்தான் இருக்க வேண்டும், அது தற்செயலாகத்தான் நடக்க வேண்டும், சட்டென்று முடிய வேண்டும். ஜோட் குடும்பத்துக்கு அவரைத் தெரியாது, அவர்மேல் அக்கறை இல்லை, அவரோடு எந்தப் பந்தமும் இல்லை. அழுத்தமே அங்கேதான் இருக்கிறது. நாவல் அந்த முடிவோடுதான் அச்சேறியது.